ஏழாவது கூடை

ஏப்ரல் கடைசி. வடக்குச் சரிவில் இன்னும்
துவைக்காத போர்வை மாதிரி பனி கிடக்கிறது.
யோயன்சூ போகும் பேருந்து
ஒரு நிமிடம் நின்று போகும் ஏரிக்கரை ஊர் இது.
இல்போ ஆரஞ்சு நாடாச் சுருளோடு வந்தான்,
நான் வரைபடத்தோடு.
ஒன்பது கூடைக்கு ஒப்புதல் தந்த நகராட்சி
எட்டுக்குத்தான் பணம் தந்திருந்தது.

டிஸ்க் கோல்ஃபில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை.
வட்டை எறி. விழுந்த இடத்துக்கு நட. மறுபடி எறி,
கம்பத்தில் தொங்கும் சங்கிலிகள்
கலகலவென்று அதை வாங்கிக்கொள்ளும்வரை.
ஆனால் எங்கே நின்று எறிவது,
எந்த மரத்தைக் குறுக்கே விடுவது என்று
பென்சிலை எடுத்தால்
ஊரே காகிதத்தில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இரண்டாவதில் ஒரு பிர்ச் மரம் வழியை மறித்தது.
வெட்டிவிடலாம் என்றான் இல்போ.
குழாய் பதிப்பவன், நேர்கோட்டில் பிழைப்பவன்.
அந்த மரம்தான் ஆட்டமே என்றேன்.
அரை மணி நேரம் பேசாமல் நடந்தோம்.
நாலாவது, பிள்ளைகள் பனிச்சறுக்கும் மேடு:
குளிர்காலத்தில் கூடையைக் கழற்றிவிட்டு
குழிக்கு மூடி போடலாம்.
ஐந்தில் சதுப்பு. ஆறில்
யாரோ புதைத்த நாய், பெயர்ப்பலகையோடு.
சற்றே தள்ளிப் போட்டோம்.

ஏழாவதுதான் என் செல்லக் கோடு.
ஆல்டர் மரங்களுக்குள்ளிருந்து கிளம்பி
நடைபாதையைத் தாண்டி
பழைய நடனக் கொட்டகை வரை தொண்ணூறு மீட்டர்.
நாடா கட்டினோம்.
மறுநாள் காணோம். ஏழாவதில் மட்டும்.
திரும்பக் கட்டினோம். திரும்பக் காணோம்.
மூன்றாம் நாள் நாடா இருந்தது,
இடம்தான் மாறியிருந்தது:
இருபத்திரண்டு தப்படி கிழக்கே,
நடைபாதைக்கு முதுகு காட்டி.

இல்போ முடிச்சைப் பார்த்தான்.
முதல் சுற்றில் இரண்டு முறுக்கு, மேலே ஒன்று.
'என் குடல்வால் எடுத்தபோது
இதே முடிச்சுதான் போட்டிருந்தார்கள்.'

காலை ஆறே காலுக்குக் காத்திருந்தோம்.
வெள்ளைச் செருப்போடு வந்தாள் பிர்யோ,
மருத்துவமனையில் இரவுப் பணி முடித்து.
மறுக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை.
'அந்த விளக்குக் கம்பத்திலிருந்து பெஞ்சு வரை
அறுபது தப்படி.
தினமும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பேன்.
கல் இல்லை, படி இல்லை, யாரும் கூப்பிடுவதில்லை.
இந்த ஊரில் எனக்கு வேறெங்கும் அப்படி இடமில்லை.'
பிறகு இல்போவைப் பார்த்து,
'உங்கள் வட்டு என்ன எடை?' என்றாள்.
நூற்றெழுபத்தைந்து கிராம் என்றான்,
தொட்டில் குழந்தையின் எடையைச் சொல்வதுபோல்.

அவள் போன பிறகு
புது இடத்திலிருந்து எறிந்து பார்த்தான்.
ஏரிக்காற்று வட்டை இடப்பக்கம் தின்றது.
ஒன்று புதரில். ஒன்று கொட்டகைக் கூரையில்.
நாலாவது சதுப்பில் போய்ச் சொருகி நின்றது,
அதை மீட்கப் போனவனின் காலணியும் அங்கேயே.
ஒற்றைக் காலில் நொண்டி வந்தவன்
பதினோராவது எறியில்
காற்றுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தான்.
வட்டு வெளியே போய், யோசித்து, உள்ளே திரும்பியது.
நல்ல கோடு என்று அவன் சொல்லவில்லை.
'அழித்து வரை' என்றான்.

பணம் வராத ஒன்பதாவது கூடையை
இல்போவே செய்தான், யாரோ வீசியெறிந்த
சலவை இயந்திரத்தின் உருளையை அறுத்து.
ஏழாவதில்தான் நட வேண்டும் என்று அடம்பிடித்தான்.
வட்டு விழுந்தால் சங்கிலிச் சத்தம் இல்லை,
சமையலறையில் பாத்திரம் விழுந்ததுபோல் ஒரு டங்.

வரைபடத்தை நகராட்சியில் விரித்தபோது
பொறியாளர் தைனா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டாள்:
எல்லாம் சரி, விளக்குக் கம்பத்திலிருந்து பெஞ்சு வரை
இந்தப் புள்ளிக்கோடு எதற்கு?
எந்த எறியும் இதைத் தொடவில்லையே.

வடிகால் என்றேன்.
தலையாட்டி முத்திரை குத்தினாள்.